மாதக்கணக்கில் நின்ற பழைய கார்: வீட்டிலேயே எழுப்புவதா, ஷெட்டுக்கா, கம்பெனிக்கா, கொடுத்துவிடுவதா?

திருவான்மியூரில் எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் 18 கார்கள். அதில் மூன்று கவர் போட்டபடியே கிடந்தன. ஒன்றின் சொந்தக்காரர் மகன் வீட்டுக்கு டல்லாஸ் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. இன்னொருவர் கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஓட்டுவதையே விட்டிருந்தார். மூன்றாவது எங்களுடையது, 2008 மாடல் சான்ட்ரோ. அப்பாவுக்கு முழங்கால் மாற்று சிகிச்சை நடந்த வாரத்தில் நிறுத்தினோம். 11 மாதம் அப்படியே நின்றது.

அப்பா வாக்கரை விட்டு நடக்கத் தொடங்கிய அன்றே கேட்டார், "வண்டியை எடுக்கலாமா?" வீட்டில் நாலு பேருக்கு நாலு கருத்து. தம்பி, "ஜம்பர் கேபிள் போட்டா அஞ்சு நிமிஷம்க்கா" என்றான், வேறொரு காரின் பேட்டரியிலிருந்து கரண்ட் எடுத்து ஸ்டார்ட் செய்வதைச் சொல்லி. அப்பாவுக்கு அவருடைய பழைய மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும். எனக்குக் கம்பெனி சர்வீஸ்தான் பத்திரம் என்று தோன்றியது. அம்மா, "கொடுத்துடலாம், ஆட்டோல போய்க்கலாம்" என்றாள். கார் மாதக்கணக்கில் நின்றுபோன எந்தச் சென்னை வீட்டிலும் இந்த நாலு வழிதான் பேச்சுக்கு வரும். நாலையும் அலசிப் பார்த்து, ஒன்றில் தப்புச் செய்து, அப்புறம் சரியானதைச் செய்தோம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தண்ணீர் ஏறாமல், ஒரு வருஷம் போல நின்ற பழைய பெட்ரோல் கார் என்றால், எலி, பேட்டரி, டயர் இவற்றை வீட்டிலேயே பாருங்கள். பிறகு ஓட்டாமல், ரெக்கவரி வண்டியில் ஏற்றித் தெரிந்த மெக்கானிக் ஷெட்டுக்கு அனுப்புங்கள். வண்டி ஸ்டார்ட் ஆகிறதா என்பதையே எல்லாரும் பார்க்கிறோம். பார்க்க வேண்டியது, ஓடும்போது மிதித்தால் அது நிற்குமா என்பதை.

எங்கே நின்றது, எப்படி நின்றது

எந்த வழி என்று முடிவு செய்யும் முன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். மூடிய கீழ்த்தளத்தில் நின்ற காரும், வேப்பமரத்தடியில் தெருவோரம் நின்ற காரும் ஒன்றில்லை. பெசன்ட் நகர், திருவான்மியூர், சாந்தோம், ராயபுரம் மாதிரி கடலுக்குப் பக்கத்தில் நின்றால் உப்புக்காற்று அடிப்பக்கத்தை அரித்திருக்கும். கவர் மேலே இருப்பதைத்தான் மறைக்கும். கீழே ஈரக்காற்று தாராளமாகப் போய்வரும்.

தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள், ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தைப் பாருங்கள், ஜாக்கி வைக்கும் இடத்தில் ஒரு ஸ்க்ரூ டிரைவரால் அழுத்திப் பாருங்கள். மேல்பூச்சாகத் துரு இருந்தால் பரவாயில்லை, சுரண்டிப் பூசிக்கொள்ளலாம். தகடே உள்ளே போனால் இன்ஜின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த வண்டியில் பணம் போடாதீர்கள்.

அதைவிட முக்கியமானது, வெள்ளத்தில் நின்றதா என்பது. 2015 டிசம்பர், 2023 டிசம்பரில் மிக்ஜாம் என்று இரண்டு தடவை பார்த்துவிட்டோம். மடிப்பாக்கத்தில் இருக்கும் என் சித்தப்பாவின் கார் மிக்ஜாமில் சீட் வரை மூழ்கியது. தண்ணீர் வடிந்ததும் கதவைத் திறந்து காய வைத்தார். அடுத்த வெயில் காலத்தில், நன்றாகக் காய்ந்திருக்கும் என்று சாவியைத் திருப்பினார். சிலிண்டருக்குள் போயிருந்த தண்ணீர் துருவாக மாறி உள்ளேயே பிடித்துக்கொண்டிருந்தது. வயரிங் கனெக்டர்களைக் கழற்றியபோது செம்பெல்லாம் பச்சை பூத்துக் கிடந்தது. தண்ணீர் ஏறிய வண்டியில் சாவியைத் தொடவே கூடாது. தண்ணீர் உள்ளே இருக்கும்போது இன்ஜினைச் சுழற்றினால் பிஸ்டனால் தண்ணீரை அமுக்க முடியாது, கனெக்டிங் ராட் வளைந்துபோகும். சாதாரண முழுக் காப்பீடு வெள்ளச் சேதத்துக்குப் பொறுப்பேற்றாலும், நாமே ஸ்டார்ட் செய்து இன்ஜினைக் கெடுத்துக்கொண்டால், இன்ஜின் பாதுகாப்புக்கென்று தனியாகச் சேர்த்திருந்தால் ஒழிய அதற்குப் பணம் வருவது கஷ்டம்.

வீட்டிலேயே: எவ்வளவு தூரம் சரி

தம்பியின் யோசனையில் பாதி சரியானது. முதல் கட்ட வேலைகளை நாமே செய்யலாம், செலவும் குறைவு. ஆனால் வரிசை முக்கியம். ஜம்பர் கேபிளோடு ஆரம்பிக்கக் கூடாது, பானெட்டைத் திறந்து கண்ணால் பார்ப்பதோடு ஆரம்பிக்க வேண்டும்.

சென்னையில் நின்ற காருக்கு முதல் எதிரி எலியும் பெருச்சாளியும்தான். எங்கள் வண்டியில் ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் பானெட் பஞ்சைப் பிய்த்துக் கூடு கட்டியிருந்தது. பக்கத்தில் காய்ந்த சப்பாத்தித் துண்டு, தேங்காய்ச் சில்லு. இன்ஜெக்டருக்குப் போகும் வயர் ஒன்று செம்பு தெரியும் அளவுக்குக் கடிபட்டிருந்தது. அந்த நிலையில் பேட்டரியை இணைத்திருந்தால் ஷார்ட் ஆகித் தீப்பிடித்திருக்கலாம். டார்ச் வைத்து வயர்க் கட்டு முழுவதையும், சைலன்சர் வாயையும், டேஷ்போர்டுக்குக் கீழேயும் பாருங்கள். கடிபட்ட வயரில் இன்சுலேஷன் டேப் சுற்றுவதோடு விடாதீர்கள். ஆட்டோ எலக்ட்ரீஷியன் வந்து வெட்டிச் சேர்த்து ஸ்லீவ் போட வேண்டும்.

அடுத்து பேட்டரி. ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்கு மல்டிமீட்டர் கிடைக்கும், ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், வீட்டு வேலைக்கும் உதவும். நல்ல 12 வோல்ட் பேட்டரி முழுச் சார்ஜில் 12.6 வோல்ட் காட்டும். 12.4 என்றால் பரவாயில்லை. 12-க்குக் கீழே என்றால் கிட்டத்தட்டக் காலி. 10.5-க்கும் கீழே கிடந்தால் பெரும்பாலும் ஒரு செல் போயிருக்கும். எங்களுடையது 9 காட்டியது. காலியாகவே மாதக்கணக்கில் கிடந்த பேட்டரியின் ஈயத் தகடுகளில் சல்பேட் கெட்டியாகப் படிந்துவிடும். இரவு முழுக்கச் சார்ஜ் போட்டாலும் காலையில் ஏறிய மாதிரி காட்டி, செல்ஃப் அடித்ததும் உட்கார்ந்துவிடும். நம் ஊர் வெயில் அதை இன்னும் சீக்கிரம் கொல்லும். மூன்று வருஷம் தாண்டிய பேட்டரி இப்படிக் கிடந்தால் புதிது வாங்குவதே மேல். கடைக்காரர்களே வீட்டுக்கு வந்து மாட்டிவிட்டு, பழையதை எடுத்துக்கொண்டு விலையில் கழிக்கிறார்கள்.

ஜம்பர் கேபிள்தான் வழி என்றால், செத்த பேட்டரியின் பிளஸ், நல்ல பேட்டரியின் பிளஸ், நல்ல பேட்டரியின் மைனஸ், கடைசியாக நின்ற வண்டியின் இன்ஜினில் வெறும் இரும்புப் பகுதி என்ற வரிசையில் மாட்டுங்கள். கடைசி முனையைப் பேட்டரியில் மாட்டினால் பொறி பறக்கும், பேட்டரியிலிருந்து கசியும் ஹைட்ரஜன் பக்கத்திலேயே இருக்கும். ஒரு தடவை ஸ்டார்ட் ஆகிவிட்டால் இருபது நிமிஷம் சுற்றினால் பேட்டரி ஏறிவிடும் என்ற நம்பிக்கை பலருக்கு உண்டு. அது நடக்காது. காலியான பேட்டரியை நிரப்ப, வண்டி ஓடும்போது கரண்ட் தரும் ஆல்டர்னேட்டர் படாதபாடு படும், அதுவும் சேர்ந்து போகலாம்.

பெட்ரோல் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய அனுபவம் இங்கே பலிக்காது. அப்பா காலத்தில் ஆறு மாதம் நின்ற அம்பாசடர் இரண்டு இழுப்பில் கிளம்பிவிடும். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டேங்க் பாதி காலியாக இருந்தால் மேலே காற்று, காற்றில் கடலோர ஈரம். ஓரளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்ததும் எத்தனாலும் தண்ணீரும் ஒன்றாகப் பிரிந்து டேங்கின் அடிக்குப் போய்விடும். பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்கள் இந்தக் கலவையைத் தாங்கும் ரப்பரோடும் உலோகத்தோடும் வருகின்றன. எங்கள் வண்டி 2008. அதன் ரப்பர் ஹோஸ் உப்பி, விரலால் வளைத்தால் வெடிப்புத் தெரிந்தது. கார்புரேட்டர் வைத்த பழைய மாருதி 800 மாதிரி வண்டியில் இன்னொரு தொல்லை. பெட்ரோல் ஆவியாகிப் போன பிறகு பிசின் மாதிரிப் படிந்து, பெட்ரோல் போகும் சின்ன ஜெட் துளைகளை அடைத்துவிடும்.

நாலைந்து மாதம் நின்ற வண்டியில் கால் டேங்க்தான் இருந்தது என்றால், மேலே புதிய பெட்ரோல் ஊற்றிச் சமாளிக்கலாம். அதற்கு மேல் என்றால் வடித்துவிட வேண்டும். வடிப்பதைக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் மட்டும் செய்யாதீர்கள். பெட்ரோல் ஆவி தரையோடு படிந்து நிற்கும், மேலே எத்தனை குடும்பம் இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். இது ஷெட் வேலை.

டயருக்கு அதிக நேரம் வேண்டாம். பக்கச் சுவரில் நாலு இலக்க எண் இருக்கும், 1417 என்றால் 2017-ம் வருஷம் 14-வது வாரம் செய்தது. தரையைத் தொடும் பட்டன்களின் உயரம் 1.6 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தாலும், அவ்வளவு வயதான டயர் ஒரே இடத்தில் காற்றிறங்கி நின்றிருந்தால் பக்கச் சுவரில் வெடிப்பு விட்டிருக்கும். எங்கள் நாலும் 1417 தான். நாலையும் மாற்றினோம். ஸ்டெப்னியைப் பார்க்க மறந்துவிடாதீர்கள்.

வீட்டு வேலை இங்கே முடிய வேண்டும். நாங்கள் முடிக்கவில்லை.

பிரேக்

ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுத்தான் நிறுத்தியிருந்தோம், எல்லாரும் செய்வது போல. மாதக்கணக்கில் நிற்கப்போகும் வண்டிக்கு அது கூடாது. கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் பின் சக்கர டிரம்முக்குள் ஈரத்தில் துரு ஏறி, அதை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் பிரேக் ஷூ அதோடு ஒட்டிக்கொள்ளும்.

புதுப் பேட்டரி போட்டதும் இன்ஜின் பிடித்துவிட்டது. எலக்ட்ரீஷியன் வயரைச் சரிசெய்துவிட்டுப் போயிருந்தார், எங்களுக்கு ஒரே சந்தோஷம். வண்டி நகரவில்லை. தம்பி முன்னும் பின்னும் கியர் போட்டு ஆட்டினான். 'டக்' என்று ஒரு சத்தத்தோடு பின் சக்கரம் விடுபட்டது. பெடலை மிதித்துப் பார்த்தான், கெட்டியாக இருந்தது. ராம்ப் ஏறி வளாகத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருகிறேன் என்று கிளம்பினான். திரும்பி ராம்பில் இறங்கும்போது பெடல் தரை வரை போய்விட்டது. கீழே வாட்ச்மேனின் பேத்தி சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தாள். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, வண்டியைச் சுவரில் தேய்த்து நிறுத்தினான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த நிமிஷத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கை நடுங்குகிறது.

பிறகு டிரம்மைக் கழற்றிப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. ஷூவைத் தள்ளும் இடது பின் வீல் சிலிண்டரின் ரப்பர் காய்ந்துபோய் உள்ளே அரிப்பு. நாலைந்து தடவை அழுத்தம் விழுந்ததும் ரப்பர் கிழிந்து பிரேக் ஆயில் முழுக்க டிரம்முக்குள் கொட்டியிருந்தது. ஆட்டி விடுவித்தபோது ஷூவின் லைனிங்கும் ஒரு பக்கம் பெயர்ந்திருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் இதில் எதுவும் தெரியாது.

முன் பக்கம் டிஸ்க்கில் தெரியும் துருவைப் பார்த்து எல்லாரும் பயப்படுகிறோம். அது மேல்துரு என்றால் சில தடவை பிரேக் பிடித்ததும் போய்விடும். பயப்பட வேண்டியது டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிபர் இறுகிப்போவதற்கு. ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும், ஓ.எம்.ஆர். சாலையில் பஸ் பக்கத்தில் போகும்போது அப்படி இழுத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பிரேக் ஆயிலும் எத்தனால் மாதிரியே ஈரத்தை இழுக்கும். டாட் 3 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. தண்ணீர் சேர்ந்ததும் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். தொடர்ந்து பிரேக் பிடிக்கும் நெரிசலில் அது கொதித்துக் குமிழி விட்டால் பெடல் பஞ்சு மாதிரி ஆகிவிடும். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டியது, நின்ற வண்டிக்கு மறுபேச்சில்லாமல் மாற்ற வேண்டியது.

இந்த வேலைகளுக்கு நாலு சக்கரமும் தரையை விட்டு எழும்ப வேண்டும். வீட்டு ஜாக்கி ஸ்டெப்னி மாற்றத்தான். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் யாரும் போகக் கூடாது. அதனால்தான் வீட்டு வேலைக்கு நான் கோடு போடுவது இங்கே: இன்ஜின் பிடித்தாலும் ஓட்டாதீர்கள், ஏற்றி அனுப்புங்கள். ரெக்கவரி வண்டிக்கு நாங்கள் கொடுத்தது 2,000 ரூபாய். காப்பீட்டோடு சாலை உதவி சேர்த்து வாங்கியிருந்தால் அதுவும் மிச்சம்.

ஷெட்டா, கம்பெனியா

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் நடுவில்தான். கம்பெனி சர்வீஸ்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்ற நான் ஏன் மாறினேன் என்று சொல்கிறேன்.

கம்பெனியில் லிஃப்ட் இருக்கிறது, ஸ்கேனர் இருக்கிறது, செய்த வேலைக்கு ரசீதும் பொறுப்பும் இருக்கிறது. ஏ.பி.எஸ்., ஏர்பேக், ஆட்டோமேட்டிக் கியர் என்று மின்னணுச் சமாச்சாரம் நிறைய உள்ள, பத்து வயதுக்கு உட்பட்ட கார் என்றால் யோசிக்காமல் அங்கே அனுப்பலாம். அதிலும் ஆட்டோமேட்டிக் வண்டியை முன் சக்கரம் உருள இழுத்துக்கொண்டு போகவிடாதீர்கள், கியர்பாக்ஸ் கெடும். முழுதாக மேலே ஏற்றும் பிளாட்பெட் வண்டியாகக் கேளுங்கள்.

ஆனால் 17, 18 வயது வண்டி அங்கே போனால் கதை வேறு. அவர்கள் வேலை முறை, கெட்ட பகுதியை முழுதாக மாற்றுவது. அவர்கள் பொறுப்பேற்க வேண்டியிருப்பதால் அது நியாயமும்கூட. எங்களுக்குக் கிடைத்த மதிப்பீடு, ஷெட்டில் கடைசியாக ஆன செலவைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. உற்பத்தி நின்று பத்து வருஷம் தாண்டிய மாடலுக்குச் சில பாகங்கள் வரவழைத்துத்தான் போட வேண்டும் என்றும் சொன்னார்கள்.

அப்பாவின் மெக்கானிக்குக் கிண்டியில் சின்ன ஷெட். என்னை இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். வண்டி வந்து இறங்கியதும் அவர் இன்ஜினைத் தொடவில்லை. "முதல்ல கால் நாலையும் கழட்டுவோம் பாப்பா, இன்ஜின் எங்க போயிடப் போகுது" என்று சக்கரங்களைக் கழற்றினார். நின்ற வண்டியை எடுத்துக்கொண்டு போகும்போது நீங்களும் இதைப் பாருங்கள். பிரேக்கில் ஆரம்பிக்கிறவரிடம் வண்டியை விடலாம். "ஸ்டார்ட் ஆயிடுச்சு, எடுத்துட்டுப் போங்க" என்கிறவரிடம் விடாதீர்கள்.

பின் சிலிண்டர் இரண்டு, ஷூ, முன் பேட், பிரேக் ஆயில். பிறகு டேங்க்கைக் கழற்றிக் கழுவினார். பெட்ரோல் பம்ப்பின் ஃபியூஸை எடுத்துவிட்டு, பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் சில சொட்டு இன்ஜின் ஆயில் ஊற்றி, நிறுத்தி நிறுத்திச் செல்ஃப் அடித்து ஆயில் விளக்கு அணையும் வரை சுழற்றினார். காய்ந்து கிடந்த இன்ஜினுக்குள் முதலில் ஆயில் ஏறட்டும் என்று. நாங்கள் வீட்டில் இதைச் செய்யாமலே ஸ்டார்ட் செய்தோம் என்று சொன்னபோது அவர் முகம் சுருங்கியது. ஆயில், ஃபில்டர், கூலன்ட், பெல்ட் எல்லாம் புதிது. சான்ட்ரோவில் வால்வையும் பிஸ்டனையும் ஒரே தாளத்தில் ஓட வைப்பது டைமிங் பெல்ட், அது ரப்பர். கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் வயசாகும், அறுந்தால் பல இன்ஜின்களில் வால்வு வளைந்துவிடும். கடைசியாக எப்போது மாற்றினோம் என்று அப்பாவுக்கே நினைவில்லை, அதனால் மாற்றினோம். கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டியிருக்குமோ என்று பயந்தோம், நல்லவேளையாக இல்லை.

ஷெட்டின் குறைகளையும் சொல்ல வேண்டும். நாலு நாள் என்றது ஒன்பது நாள் ஆனது. ரசீது கேட்டால் கைப்பேசியில் ஒரு பட்டியல் வரும், அவ்வளவுதான். அதனால் மூன்று விஷயத்தை முன்கூட்டியே பேசிவிட வேண்டும். என்னென்ன வேலை, என்ன விலை என்று எழுத்தில் வாங்குங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் காட்டச் சொல்லுங்கள். பாகம் எங்கே வாங்குவது என்பதையும் நீங்களே முடிவு செய்யுங்கள். புதுப் பாகத்துக்கு ஜி.பி. ரோடு இருக்கிறது. பழைய பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் கதவுக் கைப்பிடி, கண்ணாடி, பம்பர், விளக்கு எல்லாம் பாதி விலைக்குக் கிடைக்கும், தாராளமாக வாங்கலாம். ஆனால் பிரேக் சம்பந்தப்பட்டது, ரப்பர், பெல்ட், டயர் இவற்றைப் பழசாக எங்கேயும் வாங்காதீர்கள்.

பேட்டரி, டயர், பிரேக், இன்ஜின் வேலை, வயர், ரெக்கவரி எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய் ஆனது. அதில் டயருக்கு மட்டும் 12,800. மொத்தச் செலவு, இந்த வண்டியை விற்றால் கிடைக்கக்கூடியதில் ஏறக்குறையப் பாதி.

அம்மா சொன்னது

அதனால் அம்மாவின் யோசனையை ஒதுக்கிவிட முடியாது. வண்டியை வைத்திருந்தாலே காப்பீடு, சர்வீஸ், தேய்மானம் என்று எங்களுக்கு வருஷத்துக்குச் சுமார் 15,000 ஆகிறது, பெட்ரோல் தனி. மாதம் நாலைந்து பயணம்தான் என்றால் ஆட்டோவே லாபம், அதில் சந்தேகமே இல்லை. எங்கள் கணக்கை மாற்றியது அப்பாவின் முழங்கால். ஆட்டோவில் காலைத் தூக்கி வைத்து ஏற வேண்டும். காரில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, இரண்டு காலையும் சேர்த்துத் திருப்பிக்கொள்ளலாம். பிசியோதெரபிக்கு வாரம் மூன்று நாள் போக வேண்டியிருந்தது.

கொடுப்பது என்று முடிவானால், காயலான் கடையில் எடை போட்டு விற்பது மட்டும் வேண்டாம். உங்கள் பெயரில் ஆர்.சி., அதாவது பதிவுச் சான்றிதழ், உயிரோடு இருக்கும், அந்த நம்பரை யாராவது வேறு வண்டியில் மாட்டினால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். 2021-ல் வந்த மத்திய விதிகளின்படி பதிவு பெற்ற வாகன அழிப்பு மையங்கள் இருக்கின்றன. அங்கே கொடுத்தால் ஒப்படைப்புச் சான்றிதழ் தருவார்கள். அதை வைத்துப் புதுக் கார் வாங்கும்போது சாலை வரியில் 25 சதவீதம் வரை சலுகை தர அந்த விதிகள் இடம் கொடுக்கின்றன. டெல்லியில் 15 வருஷப் பெட்ரோல் வண்டிக்கு வந்த தடையைப் படித்துவிட்டுப் பலர் இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்து அவசரமாக விற்கிறார்கள். சென்னையில் வயதுக்காக மட்டும் வண்டியைத் தூக்கிப்போட வேண்டியதில்லை.

வண்டிக்கு முன் காகிதம்

ஷெட்டுக்கு ஒரு ரூபாய் கொடுக்கும் முன் இதைப் பார்த்திருக்க வேண்டும் என்று எனக்குப் பின்னால்தான் தோன்றியது. தனியார் காரின் ஆர்.சி. 15 வருஷம், பிறகு ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். முடிவதற்கு 60 நாள் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், வண்டியை ஆர்.டி.ஓ. பார்வைக்குக் கொண்டுபோக வேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து காருக்குக் கட்டணம் 5,000 ரூபாய். 2025 ஆகஸ்டில் வந்த திருத்தத்துக்குப் பிறகு, 20 வயது தாண்டிய காருக்கு 10,000. தாமதமானால் மாதத்துக்கு 500 வீதம் ஏறும் என்று மத்திய விதி. எங்களுடையது 2023-ல் புதுப்பித்தது, 2028 வரை கவலையில்லை.

பிறருக்கு ஆகும் சேதத்துக்கான மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் தெருவில் இறக்கவே கூடாது. 1000 சி.சி.க்கு உட்பட்ட காருக்கு 2022 ஜூனில் வந்த கட்டணப்படி 2,094 ரூபாய், 1500 சி.சி. வரை 3,416, இதோடு ஜி.எஸ்.டி. சான்ட்ரோ 1086 சி.சி., அதனால் 3,416 வரிசையில் விழுகிறது. பழைய பாலிசி முடிந்து 90 நாள் தாண்டிவிட்டால் இழப்பீடு கேட்காத வருஷங்களுக்காகச் சேர்த்து வைத்த தள்ளுபடி, நோ கிளெய்ம் போனஸ், போய்விடும். நாங்கள் இழந்தோம். பொல்யூஷன் சர்டிஃபிகேட், பி.எஸ். 4 என்ற புகைத் தரத்தில் வந்த வண்டிக்கு ஒரு வருஷம், அதற்கு முந்தியதற்கு ஆறு மாதம். வண்டி நின்ற காலத்தில் அது பெரும்பாலும் முடிந்திருக்கும்.

எங்கள் கார் கிளம்பியதைப் பார்த்து மற்ற இரண்டு கவருக்கும் பேச்சு வந்தது. கண் சிகிச்சை செய்துகொண்ட சாருடையது 2018 ஆட்டோமேட்டிக். மகள் ஓட்டப் போகிறாள். பிளாட்பெட்டில் ஏற்றிக் கம்பெனிக்கு அனுப்பச் சொன்னேன், போன வாரம் அனுப்பிவிட்டார். டல்லாஸ் சாருடையது 2005. ஆர்.சி. 2025 மார்ச்சில் முடிந்துவிட்டது, 10,000 கட்டணமும் தாமதக் கட்டணமும் கட்டியாக வேண்டும். அவர் சொன்னபடி தரைவிரிப்பைத் தூக்கி, வீடியோ அழைப்பில் காட்டிக்கொண்டே ஸ்க்ரூ டிரைவரை அழுத்தினேன். ஓட்டுகிறவர் சீட் பக்கத்தில் தகடு உள்ளே போய்விட்டது. கொஞ்ச நேரம் அவர் எதுவும் பேசவில்லை. பொங்கலுக்கு வருகிறேன், நானே கொண்டுபோய் ஒப்படைக்கிறேன், அது வரை கவரை மட்டும் சரியாகப் போட்டு வையம்மா என்றார். போட்டு வைத்திருக்கிறேன்.